மூன்று நிறங்களில் ஓர் உலோகம்: ஒப்பனைப் பொருட்பெயர்களும் தாய்சேய் நலமும்

0. முன்னுரை

ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது மக்கள் அதன் எப்பண்பை அடிப்படையாகக் கொள்கின்றனர் என்பது பொருண்மையியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் வினா. நிறம், வடிவம், பயன், பிறக்கும் இடம், செய்முறை, உட்கூறு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பெயருக்கு வித்தாகிறது. ஏனையவை பெயரில் இடம்பெறாமல் மறைகின்றன. பெரும்பாலான பொருட்களில் இம்மறைவால் தீங்கு விளைவதில்லை. கண்ணிலும் நெற்றியிலும் முகத்திலும் பூசப்படும் ஒப்பனைப் பொருட்களில் நிலைமை வேறு. மறைந்துபோன உட்கூறு நஞ்சாக இருப்பின், அதனைப் பூசிக்கொள்ளும் கருவுற்ற பெண்ணும், பாலூட்டும் தாயும், அவள் மடியில் கிடக்கும் குழந்தையும் பெயரை மட்டுமே அறிந்தவராய் அந்நஞ்சோடு வாழ நேர்கிறது.

காரீயம் என்னும் ஓர் உலோகம் கருமை, செம்மை, வெண்மை ஆகிய மூன்று நிறங்களில் ஒப்பனைப் பொருளாக வழங்கிய வரலாற்றை, அப்பொருட்களின் பெயர்கள் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றனுள் வெண்மையின் வரலாறு, குறிப்பாக ஜப்பானில் அது குழந்தைகளைத் தாக்கிய வரலாறு, சற்று விரிவாகக் கூறப்படுகிறது. இவ்வரலாற்றிலிருந்து, எச்சரிக்கை வாசகங்களைத் தமிழில் பெயர்ப்போர் கருத வேண்டியவை இறுதியில் தொகுத்துரைக்கப்படுகின்றன.

1. காரீயமும் இரு உடல்களும்

பெயர்களுக்குள் புகுமுன் மருத்துவச் செய்திகள் சிலவற்றை நினைவிற்கொள்வது தேவையாகிறது. உடலினுள் சென்ற காரீயம் பெரும்பாலும் எலும்பில் தங்குகிறது. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் எலும்பிலிருந்து சுண்ணச்சத்து வெளிப்படும்போது பல்லாண்டுகளுக்கு முன் சேர்ந்த காரீயமும் உடன் வெளிப்படுகிறது. அது நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். சிறிதளவு தாய்ப்பாலிலும் கலக்கும். வாய்வழிச் சென்ற காரீயத்தை இளங்குழந்தைகளின் உடல் பெரியவர்களினும் நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவுக்குக் கீழ் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. குழந்தையின் வளரும் மூளையே இதன் முதன்மையான இலக்கு.

இங்கு ஓர் அடிப்படை உண்மை புலனாகிறது. தாயின் உடலும் சேயின் உடலும் நஞ்சைப் பொறுத்தவரை தனித்தனியானவை அல்ல. ஒப்பனைப் பொருட்களின் பெயர்களும் அவற்றின்மீது அச்சிடப்படும் வாசகங்களும் பூசிக்கொள்ளும் ஓர் உடலை மட்டுமே கருதி அமைந்தவை.

2. கருமை

2.1 பண்டை எகிப்தியர் கண்ணுக்கு இட்ட கருநிறப் பொடியை மெஸ்தெமெத் என வழங்கினர். கிரேக்கத்தின் ஸ்திம்மி, இலத்தீனின் ஸ்திபியம் ஆகியன இச்சொல்லின் வழிவந்தவை என்று சொற்பிறப்பியலார் கருதுவர். ஸ்திபியம் பின்னர் அந்திமனி என்னும் தனிமத்தின் பெயராகி, இன்றும் அத்தனிமத்தின் குறியீட்டில் நிலைத்திருக்கிறது. அரபியின் இத்மித் என்னும் சொல்லும் அந்திமனியையே குறிப்பதாக அகராதிகள் பொருள் கூறும். ஆகவே ‘பண்டையோர் கண்ணுக்கு அந்திமனி இட்டனர்’ என்னும் தொடர் மொழிபெயர்ப்புகளில் நிலைபெற்றது.

கல்லறைகளில் கிடைத்த பொடிகளை வேதியியலார் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை அந்திமனியின் கனிமம் அல்ல. கலீனா எனப்படும் காரீயச் சல்பைடு. இரண்டும் கருமையானவை, பளபளப்பானவை, அரைத்தால் ஒன்றுபோலத் தோன்றுபவை. 1999இல் பிலிப் வால்டரும் அவர்தம் உடன் ஆய்வாளரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள எகிப்தியக் கலங்களின் பொடிகளைப் பகுத்தது. கலீனாவோடு வெண்ணிறக் காரீயச் சேர்மங்களும் அவற்றில் இருந்தன. அவற்றுள் இரண்டு, மனிதர் வேண்டுமென்றே தயாரித்தவை என்று அவ்வாய்வு முடிவு செய்தது. பெயர் அந்திமனியைச் சுட்ட, கலத்தினுள் இருந்ததோ காரீயம்.

அரபியின் குஹ்ல் என்னும் சொல் நுண்ணிய கண்பொடியைக் குறித்தது. நுண்மை என்னும் பொருட்கூறு மட்டும் பிரிந்து, வடித்தெடுத்த சாரத்தைக் குறிக்கப் பெயர்ந்தபோது, அல் என்னும் சுட்டோடு சேர்ந்த அதே சொல் ஐரோப்பிய மொழிகளில் ஆல்கஹால் ஆயிற்று. பொருளின் உட்கூறு பற்றி எக்குறிப்பும் இல்லாத சொல்லே இவ்வாறு தடையின்றிப் பெயர இயலும்.

2.2 இந்திய மொழிகளில் இக்களம் இன்னும் செறிவானது. அஞ்சனம் என்னும் வடசொல் ‘பூசு’ என்னும் பொருளுடைய அஞ்ஜ் என்னும் வேரிலிருந்து பிறந்தது. வடநாட்டில் வழங்கும் சுர்மா பாரசீகத்தின் வழி வந்தது. அதனைத் ‘தேய்’ என்னும் பொருளுடைய துருக்கிய வினையோடு தொடர்புபடுத்துவர். இரண்டுமே பூசும் செயலால் பெற்ற பெயர்கள். எதனைப் பூசுவது என்பதற்கு அவற்றில் இடமில்லை. இதன் விளைவை வடமொழி மருத்துவ நூல்களின் அஞ்சன வகைகளில் தெளிவாகக் காணலாம். சௌவீராஞ்சனமும் ஸ்ரோதோஞ்சனமும் கனிமங்கள். இவற்றை அந்திமனி என்பாரும் காரீயம் என்பாரும் உளர். ரசாஞ்சனமோ மரமஞ்சள் இனத்துச் செடியைக் காய்ச்சி இறுக்கிய சாறு. கல்லும் செடிச்சாறும் ஒரே தலைச்சொல்லின்கீழ் அமைவதற்குக் காரணம், பெயர் பயனை மட்டுமே நோக்குவதுதான்.

கஜ்ஜலம் என்னும் வடசொல் இவற்றினும் வேறுபட்டது. அது விளக்குப்புகையைப் பிடித்துச் சேர்த்த கரியைக் குறிப்பது. இந்தியின் காஜல் அதன் வழிவந்தது. தமிழின் மை என்னும் சொல் கருமை, இருள், மேகம், எழுதுமை, கண்மை, குற்றம் எனப் பரந்த பொருளுடையது. தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தைக்கு இடும் மை பெரும்பாலும் விளக்குக் கரியை எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்துச் செய்யப்பட்டது. வசம்பைச் சுட்டுக் கரியாக்கி இடுவதும் உண்டு. அவ்வசம்புக்கே பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர்சொல்லா மருந்து என்றும் வழங்கும் பெயர்கள் அதன் பயனையோ பெயர் கூறாமையையோ அடிப்படையாகக் கொண்டவை. ஆக, மையும் காஜலும் கரி. சுர்மாவும் அஞ்சனக்கல்லும் கனிமம். இவ்வேறுபாடு பழைய சொல்வழக்கில் ஓரளவு காக்கப்பட்டு வந்தது.

வணிகமும் குடிபெயர்வும் இவ்வேறுபாட்டை அழித்தன. பிரிட்டனில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளிடம் கண்மையால் விளைந்த காரீய நச்சேற்றம் பற்றி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 1968இலும், சுர்மாவையே தலைப்பில் சுட்டி 1978இலும் கட்டுரைகள் வெளியிட்டது. 2011இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு கைக்குழந்தையின் குருதியில் காரீயம் மிகுந்திருந்தது. நைஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தீரோ என்னும் கண்மையே காரணம். அதன் எடையில் நூற்றுக்கு 82.6 பங்கு காரீயம். 2013இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கண்மையொன்றிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு காரீயம் இருந்தது. அப்பொருளின் பெயர் காஜல் என்பது நம் நோக்கில் மிகவும் கருதத்தக்கது. கரியைக் குறித்த சொல், நிறமும் பயனும் ஒன்றாக இருந்தமையால், காரீயக் கல்லின் பொடிக்கும் பெயராகிவிட்டது. வளைகுடா நாடுகள் சிலவற்றில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் தண்டில் குஹ்ல் இடும் வழக்கமும் பதிவாகியுள்ளது. கண்ணுக்குரிய பொருள் புண்ணுக்குரிய மருந்தாக மாறியபோதும் பெயர் மாறவில்லை.

3. செம்மை

செந்நிறத்தில் பெயர்க்குழப்பம் இரு நஞ்சுகளுக்கு இடையில் நிகழ்ந்தது. உரோமானியர் மினியம் என்றது பாதரசச் சல்பைடை, அதாவது நாம் சாதிலிங்கம் என்பதனை. விலை மிகுந்த அதற்கு மாற்றாகவும் கலப்படமாகவும் செங்காரீயம் பயன்பட்டது. காலப்போக்கில் மினியம் என்னும் பெயரே செங்காரீயத்துக்கு உரியதாயிற்று. நிறம் ஒன்றாயிருந்ததால் பெயர் ஓர் உலோகத்திலிருந்து மற்றோர் உலோகத்துக்குத் தாவியது.

வடநாட்டில் மணமான பெண்கள் வகிட்டில் இடும் சிந்தூரத்திலும் இத்தாவலைக் காணலாம். சிந்தூரம் என்னும் சொல் பழைய நூல்களில் செங்காரீயத்தைக் குறிப்பது; வழக்கில் பாதரசச் சேர்மத்துக்கும் பின்னர்ச் செயற்கைச் சாயங்களுக்கும் அதுவே பெயராயிற்று. 2017இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழொன்றில் வெளியான ஆய்வு, நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கப்பட்ட சிந்தூர மாதிரிகளில் பெரும்பான்மையானவற்றில் காரீயம் இருப்பதைக் காட்டியது. சிந்தூரம் மணமான பெண்ணுக்கு உரியது என்பதால், கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அது நாள்தோறும் பயன்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் குங்குமம் வேறு பொருள். மரபுமுறையில் அது மஞ்சளைச் சுண்ணம் முதலியவற்றோடு சேர்த்துச் சிவக்கச் செய்தது. அச்சொல்லுக்கும் ஒரு பெயர்ச்சி உண்டு. வடமொழியில் அது குங்குமப்பூவைக் குறித்தது. இன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளில் குங்குமமும் சிந்தூரமும் வேறுபாடின்றி வெர்மிலியன் ஆகின்றன. வெர்மிலியன் என்பதோ இயல்பில் பாதரசச் சல்பைடின் பெயர். மஞ்சளும் காரீயமும் பாதரசமும் மொழிபெயர்ப்பாளரின் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கதையிலும் கவிதையிலும் இது சிறு பிழை. நலவாழ்வுக் குறிப்பில் அவ்வாறு கொள்ள இயலாது.

4. வெண்மை: ஜப்பானிய வரலாறு

4.1 காரீயக் கார்பனேட்டால் ஆன வெண்பொடி தோலை நன்கு மறைக்கும், எளிதில் ஒட்டும், நெடுநேரம் நிற்கும், மலிவாகவும் கிடைக்கும். இக்காரணங்களால் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் கிழக்காசியாவிலும் அது முகப்பூச்சாயிற்று. ஐரோப்பாவில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட வகை வெனிஸ் நகரின் பெயரால் வழங்கியது. அதனை உண்டால் நேரும் நச்சுக்குறிகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் புலவர் நிகாண்டர் விவரித்திருக்கிறார். எனவே அறிவின்மை மட்டுமே தீங்குக்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. நஞ்சென்னும் அறிவு ஒரு சொற்களத்திலும், அழகென்னும் வழக்கு மற்றொரு சொற்களத்திலும் தங்கியிருந்தன.

4.2 ஜப்பானின் பழைய வரலாற்று நூலாகிய ‘நிஹோன் ஷோகி’, 692ஆம் ஆண்டில் ஒரு பௌத்தத் துறவி காரீய வெண்பொடி செய்து அளித்ததற்காக அரசி ஜித்தோவிடம் பரிசு பெற்றதைக் கூறுகிறது. முகப்பூச்சுக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் சொல் ஓஷிரோய். மதிப்புப் பொருள் தரும் ஓ என்னும் முன்னொட்டோடு வெண்மையைக் குறிக்கும் சொல் சேர்ந்தது இது. சீன எழுத்தில் இதனை எழுதும்போது ‘வெள்ளை’, ‘பொடி’ என்னும் இரு குறிகள் இடம்பெறும். ஒலிவடிவிலும் எழுத்துவடிவிலும் நிறமே உள்ளது.

எடோ காலத்தில் இருவகை வெண்பொடிகள் வழங்கின. பாதரசச் சேர்மத்தால் ஆனது இசே ஓஷிரோய்; காரீயத்தால் ஆனது கியோ ஓஷிரோய். இசே ஒரு மாநிலத்தின் பெயர். கியோ என்பது தலைநகரமாகிய கியோட்டோ. உட்கூற்றால் முற்றிலும் வேறுபட்ட இரு நஞ்சுகளை வேறுபடுத்த மொழி ஊர்ப்பெயரைக் கையாண்டது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரிந்தது. வேறுபாட்டின் காரணம் தெரியவில்லை. கொக்குரா நகரில் அடக்கம் செய்யப்பட்டிருந்த எடோ காலச் சாமுராய்க் குடும்பத்துக் குழந்தைகளின் எலும்புகளில் காரீயம் மிகுந்திருந்ததை 2011இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தாயரின் முகப்பூச்சே அதற்குக் காரணமாதல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து.

4.3 காரீயத்தின் தீமை முதலில் நாடக மேடையில் வெளிப்பட்டது. 1887இல் பேரரசர் மெய்ஜி காண நிகழ்ந்த கபுக்கி நாடகத்தில் நான்காம் நகாமுரா ஃபுகுசுகே என்னும் நடிகரின் கால்கள் நடுங்கின. அந்நடுக்கம் முகப்பூச்சின் காரீயத்தால் விளைந்தது என்று அறியப்பட்டபோது நாடெங்கும் அது பேச்சாயிற்று. 1900இல் தீங்கான வண்ணப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் அரசு விதி வந்தது. ஆயினும் காரீய வெண்பொடியை முகப்பூச்சுக்குப் பயன்படுத்துவதை ‘இப்போதைக்கு’ அனுமதிக்கும் விதிவிலக்கும் அதனுடன் சேர்ந்தே வந்தது. 1904இல் காரீயம் கலவாத வெண்பொடி விற்பனைக்கு வந்த பின்னும் விலக்கு நீங்கவில்லை. அந்த ‘இப்போதைக்கு’ முப்பது ஆண்டுகள் நீடித்தது. சட்ட மொழியில் காலம் குறிக்காத ஒரு வினையடை எத்தனை குழந்தைகளின் வாழ்வோடு தொடர்புடையதாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

4.4 இக்காலத்தில் ஜப்பானியக் குழந்தை மருத்துவர்கள் கைக்குழந்தைகளிடம் ஒரு நோயைக் கண்டுவந்தனர். குழந்தை வெளிறும், வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், பல குழந்தைகள் இறந்தன, பிழைத்தவற்றுள் சிலவற்றுக்கு அறிவு வளர்ச்சி குன்றியது. குறிகள் மூளை உறை அழற்சியை ஒத்திருந்தன. ஆனால் அவ்வழற்சிக்குரிய கிருமி கிடைக்கவில்லை. மருத்துவர்கள் இந்நோய்க்கு ‘இவாயுரு நோமாக்குஎன்’ என்று பெயரிட்டனர். நோமாக்குஎன் என்பது மூளை உறை அழற்சி; இவாயுரு என்பது ‘எனப்படும்’ அல்லது ‘என்று சொல்லப்படும்’. உண்மையான மூளை உறை அழற்சி அன்று என்னும் ஐயம் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அறியாமையை ஒப்புக்கொண்ட பெயர் என்ற அளவில் இது நேர்மையானது. அதே வேளையில், காரணம் குழந்தையின் தலைக்குள் இருக்கிறது என்னும் திசையையும் இப்பெயர் காட்டியது. தாயின் ஒப்பனைப் பெட்டியை அது காட்டவில்லை.

1923இல் கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இக்குதாரோ இந்நோய் காரீய நச்சேற்றமே என்று அறிவித்தார். தாய் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பூசிய வெண்பொடி, பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்கும் கைக்கும் சென்றது. இரு பெயர்கள் ஒரே சமயத்தில் உடைந்தன: ‘வெள்ளை’ என்பது காரீயம் ஆயிற்று, ‘எனப்படும் மூளை உறை அழற்சி’ என்பது நச்சேற்றம் ஆயிற்று. 1930இல் விதி திருத்தப்பட்டது. 1930களின் நடுவில் காரீய முகப்பூச்சு சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. விலக்குக்கு முன்பே சந்தையில் ஒரு புதுத்தொடர் வழங்கியது குறிப்பிடத்தக்கது: மு-என் ஓஷிரோய், அதாவது ‘காரீயமற்ற வெண்பொடி’. உலோகத்தின் பெயர் முகப்பூச்சின் பெயருக்குள் இடம்பெற்றது, அது இல்லை என்று சொல்வதற்காக.

5. ‘வெளிப்பூச்சு’ என்னும் கருத்து

ஜப்பானிய வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு உணர்த்துவது பெயர்களைப் பற்றியது மட்டுமன்று. ஒப்பனைப் பொருட்களிலும் களிம்புகளிலும் காணப்படும் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்னும் தொடரை இங்குக் கருதலாம். ‘வெளி’, ‘உள்’ என்னும் எதிர்நிலை, பூசிக்கொள்பவரின் உடலை மையமாகக் கொண்டது. தாயின் கழுத்தில் பூசியது தாய்க்கு வெளிப்பூச்சு. அவள் தோளில் வாய்வைத்துக் கிடக்கும் குழந்தைக்கு அது உணவு. கண்ணுக்கு இட்ட மையைக் குழந்தை கையால் தேய்த்து, அக்கையை வாயில் வைக்கும்போது வெளியும் உள்ளும் ஒன்றாகின்றன. கருவில் உள்ள குழந்தைக்கோ வெளி என்று ஒன்றில்லை. சுருங்கச் சொன்னால், அத்தொடர் இலக்கண வகையில் முழுமையானது. சூழ்பொருள் வகையில் குறையுடையது.

‘குழந்தை’ என்னும் சொல்லிலும் இத்தகைய குறை உண்டு. ஆங்கில வாசகங்கள் ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையைத் தனிச்சொல்லால் குறிக்கும். தமிழில் குழந்தை என்பது பள்ளி செல்லும் பருவத்தையும் தழுவும். பச்சிளங்குழந்தை, கைக்குழந்தை என்னும் சொற்கள் இருந்தும் அறிவிப்புகளில் அவை அருகியே வருகின்றன. குழந்தையின் தொடக்க மாதங்களைச் செங்கீரை, தால், சப்பாணி எனப் பருவம் பருவமாகப் பகுத்துப் பெயரிட்ட பிள்ளைத்தமிழ் மரபுடைய மொழியில், எந்த மாதக் குழந்தை என்று சொல்லச் சொல் இல்லை என்று கூற இயலாது.

6. ஈயம், காரீயம், வெள்ளீயம்

தமிழ் எச்சரிக்கை வாசகத்தில் மிகுந்த கவனத்துக்குரியது உலோகத்தின் பெயரே. ஈயம் என்பது பொதுச்சொல். அதன் வகைகள் காரீயமும் வெள்ளீயமும். நிறத்தை அடையாகக் கொண்ட இப்பகுப்பு, கரும் புளும்பம், வெண் புளும்பம் என்று பிளினி கூறும் இலத்தீன் பகுப்பை ஒத்தது. காரீயம் நஞ்சு. வெள்ளீயமோ சமையலறைக்கு உரியது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல் என்பதில் வரும் ஈயம் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் வார்க்கப்படுவது. அடையின்றி வரும் ஈயம் என்னும் சொல் தமிழ்ப் பெண்ணின் செவியில் எழுப்புவது நஞ்சின் எண்ணம் அன்று. பாட்டி வைத்த ரசத்தின் மணம்.

இந்நிலையில், ‘இக்கண்மையில் ஈயம் உள்ளது’ என்னும் எச்சரிக்கை எவ்வாறு பொருள்கொள்ளப்படும்? ‘ஈயம் இருந்தால் என்ன? அதில்தானே சமைக்கிறோம்’ என்று கேட்பவரின் தருக்கத்தில் பிழையில்லை. பிழை மொழிபெயர்ப்பில் உள்ளது. சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்க்கப்பட்ட தொடர், செய்தியை மட்டும் பெயர்க்கத் தவறிவிட்டது. ஆகவே அடையைச் சேர்த்துக் காரீயம் என்றே எழுதுவது கட்டாயம். அதுவும் போதுமானதன்று. பென்சிலின் உள்ளே இருக்கும் கரியையும் காரீயம் என்று கூறும் வழக்கம் உண்டு; அதில் காரீயம் இல்லை. எனவே ‘காரீயம் என்னும் நச்சு உலோகம்’ என முதன்முறை வரும் இடத்திலேனும் விரித்தெழுதுதல் நன்று.

இரண்டாவது, குஹ்ல், சுர்மா, காஜல் ஆகிய மூன்றையும் அடுக்கிவரும் ஆங்கில எச்சரிக்கைகளை ‘கண்மை’ என ஒரே சொல்லால் பெயர்ப்பது பிழை. தம் கையால் விளக்குக் கரி பிடித்து மை செய்யும் தாய், அதில் கல்லும் உலோகமும் சேரவில்லை என்பதை அறிவாள். ‘மையில் காரீயம்’ என்னும் பொதுக்கூற்றை அவள் பொய்யெனத் தள்ளுவாள். அதனோடு, கடையில் வாங்கும் சுர்மாவைப் பற்றிய உண்மையும் தள்ளப்பட்டுவிடும். மிகைபடக் கூறும் எச்சரிக்கை உண்மையான எச்சரிக்கையின் நம்பகத்தையும் கெடுக்கும். காரீயம் இல்லை என்பதனாலேயே வீட்டு மை குழந்தையின் கண்ணுக்கு ஏற்றது என்பதும் பொருளன்று. கரித்துகளாலும் விரலின் அழுக்காலும் கண்ணில் தொற்று நேரலாம் என்பதால் மருத்துவர்கள் அதனையும் விலக்குமாறே கூறுகின்றனர். அக்காரணத்தைத் தனித்தொடராகக் கூறுவதே முறை.

மூன்றாவது, பெயரீட்டின் மறுமுனை. இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டத்தின்கீழ் 1945இல் அமைந்த விதிகளிலும், ஒப்பனைப் பொருட்களுக்கெனத் தனியே 2020இல் வந்த விதிகளிலும், நிறமூட்டுவதற்காகக் காரீய, ஆர்செனிக் சேர்மங்களைச் சேர்ப்பதற்குத் தடை இடம்பெற்றுள்ளது. தொழிற்சாலையில் செய்யப்படும் கண்மைகளுக்குக் கார்பன் கரியோ இரும்பு ஆக்சைடோ நிறம் தருகிறது. உறையில் அவை சி.ஐ. 77266, சி.ஐ. 77499 என எண்களாக வரும். உட்கூற்றைத் துல்லியமாகச் சுட்டும் இவ்வெண்கள் வேதியியலாருக்குப் பெயர். தாய்க்கு வெறும் எண். நிறத்தை மட்டும் கூறிய பழைய பெயரும், உட்கூற்றை மட்டும் கூறும் புதிய எண்ணும், அறிய வேண்டியவருக்கு அறிவிக்காமையில் ஒத்திருக்கின்றன. உறையே இல்லாமல் தாளில் மடித்தும் சிறு குப்பியில் அடைத்தும் விற்கப்படும் பொருட்களுக்கோ எண்ணும் கிடையாது; பெயர் ஒன்றே அவற்றுக்குரிய முழு விளக்கம்.

இவற்றைக் கருத்திற்கொண்டு எச்சரிக்கை வாசகம் ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம்: ‘சுர்மா, அஞ்சனக்கல் ஆகியவற்றில் காரீயம் என்னும் நச்சு உலோகம் இருக்கக்கூடும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் இவற்றைப் பயன்படுத்த வேண்டா. கைக்குழந்தையின் கண்ணிலோ தொப்புளிலோ இடவே கூடாது. நீங்கள் பூசிய இடத்தில் குழந்தையின் வாயோ கையோ பட்டாலும் நஞ்சு குழந்தையின் உடலுக்குள் செல்லும்.’ மூலத்தினும் இது நீண்டது. எனினும், இரண்டாவது உடலைக் குறிப்பிடுவதற்காகச் சேர்ந்த சொற்கள் மிகையாகா.

7. முடிவுரை

கண்ணிட்ட கருமையும் வகிட்டின் செம்மையும் முகத்தின் வெண்மையும் மூன்று வேறு பொருட்களாகவே மொழிகளில் வழங்கிவந்தன. நிறம், பூசும் செயல், ஊர் ஆகியவற்றால் அமைந்த பெயர்கள் அவற்றின் பொது உட்கூறாகிய காரீயத்தை மறைத்தன. பெயர்களே நஞ்சை உண்டாக்கின என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மலிவும் ஒட்டும் தன்மையும் அழகு பற்றிய எண்ணமும் அதன் பரவலுக்குக் காரணங்கள். ஆனால் நஞ்சைப் பற்றிய அறிவு ஒரு மொழியில் இருந்தும் உரியவரை அடையாமல் நின்றதற்குப் பெயர்கள் துணைபுரிந்தன. ஜப்பானில் உலோகத்தின் பெயரைச் சொல்லி நோயை அழைத்த பின்னரே முப்பதாண்டு விலக்கு முடிவுக்கு வந்தது.

தமிழில் காரீயம், வெள்ளீயம் என்னும் வேறுபாட்டை முன்னோர் முன்பே செய்து வைத்துள்ளனர். மையையும் அஞ்சனக்கல்லையும், குங்குமத்தையும் சிந்தூரத்தையும் வேறுபடுத்தும் சொற்களும் உள்ளன. புதுக் கலைச்சொல் ஆக்குவதைக் காட்டிலும், இருக்கும் இவ்வேறுபாடுகளை அறிவிப்புகளிலும் பாடநூல்களிலும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளிலும் பிறழாது கையாளுவதே நம் முதற்பணி. ஈயம் என்பதற்கு முன் ஓர் எழுத்தடையைச் சேர்ப்பது அச்சுக்கோப்பவருக்குச் சிறு வேலை. படிக்கும் தாய்க்கு ரசச் சொம்பையும் நஞ்சையும் பிரித்துக் காட்டுவது அவ்வடையே.